தேவதூதருக்கு மகள் கிடையாது

அநியாயம் நடந்தது பாவாயி அக்காவுக்கு. செய்தவர் ஞானசிங் அண்ணன், எங்கள் சபை வாலிபர் சங்கத் தலைவர், இந்த நிமிஷம் பீடத்துக்குக் கீழே மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறவர். உயிரும் உடம்புமாக, பச்சைப் பூப்போட்ட நைட்டியும் தோளில் ஈரத் துண்டுமாக ஒடிசா மலைப்பாதையில் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போன ஒரு மனுஷியை அவர் தேவதூதர் ஆக்கிவிட்டார். ஆக்கிவிட்டார் என்பதுகூடச் சரியில்லை, ஆக்கிக்கொண்டிருக்கிறார், கர்த்தர் செய்ததைச் சபைக்குச் சொல்கிற சாட்சியில் இப்போதுதான் வேன் சக்கரம் ஓடைப்பள்ளத்தில் இறங்கியிருக்கிறது, இனி மழை பெய்ய வேண்டும், எனக்கு மூச்சு முட்ட வேண்டும், எல்லாரும் முழங்கால் போட வேண்டும், அதற்கப்புறம்தான் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு சகோதரி வருவார், தமிழே இல்லாத தேசத்தில் தமிழ் பேசுவார், உதவி செய்வார், நாங்கள் திரும்பிப் பார்க்கும்போது அங்கே இருக்க மாட்டார். அந்த இடத்தில் சபை மொத்தமும் ஸ்தோத்திரம் சொல்லும். வரும் வழியில் ரயிலிலேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டார், எந்த வார்த்தையில் குரல் தழுதழுக்கும் என்பதுவரை எனக்குத் தெரியும். தேவதூதர்னா பெருமைதான, இதுல என்னட்டி அநியாயம் என்று காலையில் சேலைக்குப் பின் குத்திக்கொண்டே அம்மா கேட்டாள். பெருமையாம். தேவதூதரிடம் யாரும் பேர் கேட்பதில்லை. தேவதூதருக்குப் பசிக்காது, கால் வலிக்காது, போன் நம்பர் இருக்காது, மகள் கிடையாது. மகள் கிடையாது, அதுதான் என் வழக்கு. பாவாயி அக்காவுக்கு ஒரு மகள் உண்டு, பேர் பூங்கொடி. அந்தப் பேரை இந்த ஆலயத்தில் சத்தமாகச் சொல்லி ஜெபிக்கிறோம் என்று வாக்குக் கொடுத்தது வேறு யாருமில்லை, இதே ஞானசிங் அண்ணன்தான். இன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை வேளை, எங்கேயோ ஒரு மலையடிவாரத்தில் லாரி நிழலில் அடுப்பை அணைத்துவிட்டு அக்கா உட்கார்ந்திருப்பார், இங்கே அந்தப் பேர் சொல்லப்படுகிறது என்று நம்பிக்கொண்டு. இங்கே சொல்லப்படப் போவதில்லை. நான் எழுந்து சொன்னால் உண்டு.

அடுத்தது நான்தான், அதில் சந்தேகமில்லை, பிழைத்த பிள்ளை நான்தானே, என்னை நிறுத்தாமல் இந்தச் சாட்சி முடியாது. சகோதரி எப்சிபா தன் வாயாலேயே சொல்வார் என்று கூப்பிடுவார்கள், நான் போய் ஆமென் சொல்லிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறவள், ஒரு கல்வெட்டில் ஒரு வரி சிதைந்திருந்தால் அந்த வரியை நாமாக இட்டுக்கட்டி நிரப்பக் கூடாது என்று முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், இங்கே சிதையவே இல்லாத வரியைச் சுத்தியலால் உடைத்துவிட்டு மேலே சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறார்கள், நான் பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் கைக்குட்டையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கைக்குட்டைக்குள் இன்ஹேலர் இருக்கிறது. இனிமேல் அது இல்லாமல் பக்கத்துத் தெருவுக்குக்கூட நான் போவதாக இல்லை. தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று ஆடுகிறது, விழுந்தால் சரியாக அம்மா மேல் விழும், அம்மா அதைப் பற்றிக் கவலைப்படாமல் என் முழங்கையைப் பிடித்திருக்கிறாள், பாசத்தால் இல்லை, நான் எழுந்து எதையாவது சொல்லிவிடுவேன் என்கிற பயத்தால். எப்சி வாயைத் திறந்தா கோர்ட்டுதான் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. திசையன்விளைப் பக்கம் ஒரு வீட்டில் எனக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அந்த வீட்டு அத்தை ஒருத்தி எங்கள் சபையில்தான் இருக்கிறாள், அதோ தூணுக்குப் பக்கத்தில், அதனால் இன்றைக்கு நான் நல்ல பிள்ளை. தொண்டைக்குள் ஏதோ மெல்ல இறுகுகிறது. இல்லை, இறுகவில்லை, பயம்தான். பயத்துக்கும் இளைப்புக்கும் ஆரம்பம் ஒன்றுபோலத்தான் இருக்கும், எது எது என்று தெரிவதற்குள் பாதி மூச்சு போய்விடும்.

மழைன்னா அப்படி ஒரு மழை என்கிறார் ஞானசிங் அண்ணன். அப்படி ஒன்றும் பெரிய மழை இல்லை, தூறல்தான், பெரிய மழை முந்தின நாளே பெய்து முடித்திருந்தது, அதனால்தான் மண் இளகி வேன் சரிந்தது. கோராபுட் தாண்டி எங்கள் சபை மிஷனரி ஊழியம் நடத்துகிற பணித்தளத்துக்குப் போகிற மலைப்பாதை, மத்தியான வெளிச்சம் நன்றாகவே இருந்தது, ஒரு பக்கம் சரிவில் கேழ்வரகு வயல், இன்னொரு பக்கம் சிவந்த மண்சுவர். வேனுக்குள் டீசல் வாடையும் ஈரத் தார்ப்பாய் வாடையும், தங்கபுஷ்பம் சித்தி உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சுத் தோலின் நெடியும். சித்தி என்றால் சொந்தச் சித்தி இல்லை, எதிர்வீடு, பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர், எங்கள் குழுவில் என்னைப் பார்த்துக்கொள்வதற்கென்றே அம்மா கூட அனுப்பிய ஆள். என் பை முன்னால் போன ஜீப்பில், தபேலாவோடும் பாட்டுப் புத்தகக் கட்டோடும் போய்விட்டது, பைக்குள் இன்ஹேலர். மூச்சு நின்றுவிட்டது என்று அண்ணன் இப்போது சொல்கிறார், பெண்கள் பக்கம் உச்சுக்கொட்டுகிறது. நிற்கவில்லை. இளைப்பு என்றால் மூச்சு நிற்பது இல்லை, உள்ளே போனது வெளியே வராமல் இருப்பது, ஏற்கெனவே நிறைந்த குடத்தில் மேலும் மேலும் ஊற்றச் சொல்வதுபோல, அம்மா அம்மா என்று சொல்லப் பார்த்தால் 'அ' மட்டும் வரும். வேன் டிரைவர் ஆள் தேடி நடந்து போய்விட்டார். எந்தப் போனிலும் சிக்னல் இல்லை. அப்போது ஞானசிங் அண்ணன் சாலையில் முழங்கால் போட்டார். ஜல்லி பெயர்ந்த சாலை. இதை நான் மறைக்க மாட்டேன், எனக்கு வாதம் பிடிக்கும், புரட்டுப் பிடிக்காது: அவர் முழங்காலில் ரத்தம் வந்தது, பேன்ட் கிழிந்திருந்ததை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். ஆண்டவரே, எங்க பாஷை பேசுத ஒரு ஆளை அனுப்பும், இந்தப் பிள்ளையை அவ அம்மைட்ட நான் என்ன சொல்லி ஒப்படைப்பேன் என்று கதறினார். அந்தக் கதறல் பொய்யில்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம், பொய்யாக ஜெபித்த ஒருவர் பொய்யாகச் சாட்சி சொன்னால் எனக்கென்ன, சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

பதில் வந்தது. பதில் எப்படி வந்தது என்பதை அவர் விட்டுவிட்டார், இதோ தாண்டிப் போய்விட்டார், 'சட்டென்று ஒரு வெளிச்சம்' என்று சொல்லிவிட்டார். அது வெளிச்சமில்லை, ஹாரன். வளைவில் ஒரு லாரி திரும்பியது, பின்னால் நிறைய இரும்புக் குழாய், போர்வெல் போடும் ரிக் வண்டிக்குத் துணையாகப் போகிற குழாய் லாரி, நெற்றியில் தமிழில் எழுதியிருந்தது. எனக்கு மூச்சு இல்லையே ஒழியக் கண் இருந்தது, எழுத்துக்கூட்டி வாசித்தேன், அங்காளம்மன் துணை. திருச்செங்கோட்டு வண்டி. இந்தியா முழுக்கப் பூமியைத் துளைத்துக்கொண்டு திரிகிற வண்டிகளில் ஒன்று. எங்கள் பாஷை பேசுகிற ஆள் வேண்டும் என்று கேட்டோம், அங்காளம்மன் பேர் எழுதிய லாரியில் ஏற்றித்தான் கர்த்தர் அனுப்பினார், அது அவருக்குச் சங்கடமாக இல்லை, எங்களுக்குத்தான் சங்கடம். லாரியிலிருந்து குதித்தவர் பாவாயி அக்கா, ரிக் வண்டியில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் சமைத்துப் போடுகிறவர், ஓட்டி வந்தவர் அவருடைய வீட்டுக்காரர். அந்த மனிதர் ஏதோ முனகினார், சைட்டுக்கு நேரமாகிறது, மேனேஜர் திட்டுவார் என்று. 'தண்ணி நாளைக்கும் பூமிக்குள்ளதான் கெடக்கும், வண்டியத் திருப்புங்க' என்றார் அக்கா. என்னை அள்ளி முன்னால் ஏற்றினார். மடியில் சாய்த்துக்கொண்டார். புகை வாடை, வெங்காய வாடை, குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியிருந்தது, கண்ணாடிக்கு மேல் எலுமிச்சம்பழம் ஆடிக்கொண்டிருந்தது, நான் அந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டே இயேசுவே இயேசுவே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒன்றோடொன்று மோதவேயில்லை, அந்த நேரத்தில் எனக்கு மோத இடமில்லை. ஞானசிங் அண்ணனும் சித்தியும் பின்னால் குழாய்களின் மேல் நனைந்துகொண்டு வந்தார்கள்.

சின்ன அரசு ஆஸ்பத்திரி, ஒரே வராந்தா. மூக்கில் மாட்டிய மூடிக்குள் மருந்து புகையாக இறங்க இறங்க உலகம் திரும்பி வந்தது, முதலில் சத்தம், பிறகு கால்விரல். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், ஞானசிங் அண்ணன் அவர் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார், அழுதார், உங்களை மறக்க மாட்டோம் அக்கா என்றார். அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. அட போங்க தம்பி என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் பீடி பற்றவைக்க வராந்தாவை விட்டு வெளியே போனதும் அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். ஒரே மகள், பூங்கொடி, திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனவள், அங்கே ஒருவனைக் கட்டிக்கொண்டாள், வேறு ஆளுங்க. அப்பன் அவள் பேரை இனி யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அக்காவும் அந்தக் கோபத்தில் இனி எம்மூஞ்சில முழிக்காத என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அதற்கப்புறம் மகள் போனை எடுப்பதில்லை. தினமும் பாத்திரம் கழுவி முடித்ததும் அடிக்கிறார், முழுதாக அடித்து ஓய்ந்து நிற்கிறது. 'ஒருக்கா எடுத்து என்னன்னு கேட்டாப் போதும் தம்பி. நீங்க கும்புட்டா நடக்குதே, கண்ணால பாத்தனே. இந்த வண்டில அவ பேரச் சொல்லப்படாது. உங்க கோயில்லயாச்சும் சத்தமாச் சொல்லுங்க.' ஞானசிங் அண்ணன் பேரைத் திரும்பக் கேட்டார், பூங்கொடியா, பூங்கொடி, கண்டிப்பா சொல்லுவோம்க்கா, சபையே சொல்லும் என்றார். மூடிக்குள்ளிருந்து நானும் தலையாட்டினேன். அக்கா என் போனை வாங்கித் தன் நம்பருக்கு ஒரு ரிங் விட்டுக்கொண்டார். அந்த வேளையில்தான் முன்னால் போயிருந்த ஜீப் எங்களைத் தேடி வந்தது, பொழுது சாய்வதற்குள் மலை ஏற வேண்டும் என்று பணித்தளத்து ஊழியர் அவசரப்படுத்தினார், எல்லாரும் ஒரே ஓட்டம், ஞானசிங் அண்ணன் முன்சீட்டில் ஏறிக்கொண்டார், என்னைப் பின்சீட்டில் ஏற்றினார்கள், பின்பக்கம் பார்த்த சீட்டு, கிழிந்த பிளாஸ்டிக் ஜன்னல். அக்கா எனக்குக் குடிக்கச் சுடுதண்ணீர் வாங்க எதிர்க் கடைக்குப் போயிருந்தார். வண்டி நகர்ந்தபோது கடை வாசலிலிருந்து கூஜாவோடு இறங்கினார், நின்றார், ஒரு கையைத் தூக்கினார், டாட்டா காட்டுவதற்கா நிறுத்துவதற்கா என்று தெரியாத பாதித் தூக்கல். நான் இரும்புத் தகட்டைத் தட்டினேன். கத்த மூச்சு இல்லை. சித்தி என் கையைப் பிடித்து, சும்மா கெடட்டி, மூச்ச வீணாக்காத என்றாள். வளைவு வரும்வரை அக்கா நின்றுகொண்டே இருந்தார், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், திரும்பிப் பார்த்தபோது காணவில்லையாம், நான் திரும்பவே வேண்டியிருக்கவில்லை, என் முகமே அந்தப் பக்கம்தான் இருந்தது.

அவரைக் காணாமல் ஆக்கியது ஒரே நாளில் நடந்த காரியம் இல்லை, அதைத்தான் இந்தச் சபைக்கு விளக்க வேண்டும், முதல் வாதம் அது. பணித்தளத்தில் சொன்னபோது 'ஒரு தமிழ்க்கார அக்கா' இருந்தார், லாரியும் இருந்தது. விசாகப்பட்டினத்தில் ரயில் ஏறிப் பக்கத்து சீட்டுக்காரர்களிடம் சொன்னபோது லாரி நெற்றியிலிருந்து அங்காளம்மன் இறங்கிவிட்டாள். ராஜமுந்திரி பாலத்தில் வீட்டுக்காரர் போனார். விஜயவாடாவில் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கும்போது லாரி 'ஒரு வாகனம்' ஆனது, நைட்டி சேலை ஆனது, சாம்பார் சாதம் முடிவதற்குள் சேலை வெள்ளை ஆனது. நான் மேல் பெர்த்திலிருந்து தலையை நீட்டி, நைட்டி அண்ணே, பச்சை நைட்டி என்றேன். கோவில்ல நைட்டியைப் பத்தியாட்டி பேசுவாவ என்றாள் சித்தி. நடந்தது அதுதான சித்தி. தேவதூதன் நைட்டி போட்டுட்டா வருவான் என்று கேட்டாள், கீழ் பெர்த்து முழுக்கச் சிரிப்பு, நானும் சிரித்துவிட்டேன், அங்கே நான் சிரித்திருக்கக் கூடாது. ஞானசிங் அண்ணனுக்கு அவர் வாதம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்: மகிமை மனுஷருக்குப் போய்விடக் கூடாது, நாம யாரைக் கூப்பிட்டோம், கர்த்தரைத்தானே, பதில் சொன்னவரும் அவர்தானே, நடுவில் வந்த பாத்திரத்தை ஏன் பேசணும். பாத்திரமா. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிப்போய்ச் சத்திரத்தில் சேர்த்தவன் எந்த ஊர்க்காரன், எந்த ஜனம், யார் அவனைத் தீண்டமாட்டார்கள் என்று சொல்லித்தானே கர்த்தரே கதை சொன்னார், தேவதூதன் தூக்கிப் போனான் என்று சொல்லியிருந்தால் கேட்டவர்களுக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும் என்றேன். படிக்கவச்சா இப்படித்தான் என்றாள் சித்தி. பிறகு நேராகவே கேட்டேன். அண்ணே, ஜீப் கிளம்பும்போது நீங்க திரும்பிப் பாத்தீங்களா? ஜெபிப்போம்மா என்றார். மறுபடி முகம் கழுவும் இடத்தில் மறித்துக் கேட்டேன், உனக்கு அப்ப மூச்சே இல்ல, உனக்கு எப்படித் தெரியும் என்றார். திருநெல்வேலியில் இறங்கும்போது இன்னொரு தடவை கேட்டேன், என் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். பையைத் தூக்குகிற ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது.

ரயிலில் வரும்போதே கதவோரம் நின்று அக்காவுக்குப் போன் அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார், பாவம், மகள் என்று நினைத்தாரோ என்னவோ. ஏனம்மிணி, இளைப்பு சும்மா இருக்குதா என்றார். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவரே எங்களுக்காக வாதாடினார், சுடுதண்ணி வாங்கியாந்தேன், அதுக்குள்ள வண்டி எடுத்துட்டீங்க, சரி, இருட்டறதுக்குள்ள மலை ஏறோணுமில்ல என்று. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு தயங்கித் தயங்கி, நாயித்துக்கெழம எத்தன மணிக்கு உங்க கோயிலு, நானும் அந்நேரம் அடுப்ப அமத்திட்டு உக்காந்துக்கறேன், இவருக்குத் தெரிய வேண்டாம் என்றார். சொல்றோம்க்கா என்றேன். இப்போது எத்தனை மணி. பிரசங்கம் நீண்டுவிட்டது, சாட்சி நீண்டுகொண்டிருக்கிறது. அங்கே உலை வைக்க நேரமாகியிருக்கும், அந்த மனிதர் ஏன் அடுப்பு அணைஞ்சு கெடக்குது என்று கேட்டிருப்பார். அக்கா ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பார். எவ்வளவு நேரம் சாக்குச் சொல்ல முடியும். ஒருவேளை நான் பேரைச் சொல்லாவிட்டாலும் பூங்கொடி போனை எடுக்கலாம், ஒருவேளை சொன்னாலும் எடுக்காமல் போகலாம், ஜெபத்துக்கும் பதிலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஆனால் எங்களுக்கு வந்த பதிலுக்கு ஒரு முகம் இருந்தது, அந்த முகம் எங்களிடம் ஒன்று கேட்டது. அதைச் சொல்வதற்கு மூன்று வாதம் தயாராக வைத்திருக்கிறேன், முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, பட்டிமன்றத்தில் மணி அடிப்பதற்குள் முடிக்கிற மாதிரி. மணி. வாதம். ஐயோ, நானும் அதைத்தானே செய்கிறேன், அவர் அக்காவைத் தேவதூதர் ஆக்கினார், நான் வாதம் ஆக்கிவிட்டேன், ரயில் ஏறியதிலிருந்து பூங்கொடிக்காக ஒரு தடவையாவது நான் ஜெபித்தேனா, ஞானசிங் அண்ணனை எப்படி மடக்குவது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறேன். பூங்கொடி. போனை எடு. பூங்கொடி, எடும்மா. வேறு எப்படி ஜெபிப்பது என்று தெரியவில்லை.

ஸ்தோத்திரம் என்று சபை அதிர்ந்தது. சாட்சியில் அக்கா காணாமல் போய்விட்டார். தூணுக்குப் பக்கத்து அத்தை கண்ணைத் துடைக்கிறாள், ஆண்கள் பக்கம் யாரோ அல்லேலூயா என்கிறார்கள், ஞானசிங் அண்ணன் குரல் தழுதழுத்தது, சரியாக அந்த வார்த்தையில்தான், ஆனால் ரயிலில் உடைந்தபோது அவர் கண் எங்களைப் பார்த்தது, இப்போது தரையைப் பார்க்கிறது. சகோதரி எப்சிபா என்கிறார். அம்மா முழங்கையை விடவில்லை. ஸ்தோத்திரம்னு சொல்லிட்டு வந்திரு மக்ளே என்றாள் உதடு அசையாமல். எழுந்தேன். கம்பளம் கசகசவென்று காலில் ஒட்டுகிறது, செருப்பைக் கழற்றிவிட்டேனா, கழற்றிவிட்டேன், ஞானசிங் அண்ணன் கையிலிருந்து மைக்கை வாங்கினேன், நெஞ்சுக்குள் விசில், இது பயமில்லை, இது அதேதான், இன்ஹேலரை எல்லார் முன்னாலும் எடுக்கக் கூடாது, எடுத்தால் என்ன, எடுத்தேன், உறிஞ்சினேன், மைக் அந்தச் சத்தத்தைக் கூடம் முழுக்கப் பரப்பியது, பின்பெஞ்சில் ஒரு குழந்தை சிரித்தது. முதலாவது வாதம் எங்கே. மூச்சு கொஞ்சம்தான் இருந்தது, அதில் வாதம் வைக்க இடமில்லை. அவங்க பேரு பாவாயி என்றேன். போர்வெல் லாரிக்காரங்களுக்குச் சமைக்கிறவங்க, திருச்செங்கோட்டுப் பக்கம், அவங்க வெள்ளைச் சேலை கட்டல, அவங்க மடியிலதான் நான் பிழைச்சேன் என்றேன். அங்காளம்மன் பேரையும் சொன்னேன், சொல்லும்போது மைக் கிறீச்சிட்டது, ஆலயப் பணியாள் கோவில்பிள்ளை ஓடி வந்து திருகினார். பிறகு அக்கா கேட்டதைச் சொன்னேன், ஞானசிங் அண்ணன் வாக்குக் கொடுத்ததைச் சொன்னேன். 'அந்தப் பிள்ளை பேரு பூங்கொடி. அவங்க அம்மா இப்ப அடுப்பை அணைச்சிட்டு உக்காந்திருக்காங்க. நாம எல்லாரும் அந்தப் பேரைச் சொல்லணும்.'

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. எனக்குச் சீற்றம்கூட இல்லை. தங்கபுஷ்பம் சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஆண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு, பிள்ளைக்கு அப்ப நெனவே இல்லியாம் என்று, அது பெஞ்சு பெஞ்சாக நகர்ந்து பீடம்வரை வந்தது. அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்த சபைப் போதகர் ஐயர் காதிலும் அது விழுந்தது. எங்கள் ஐயர் அதிகம் பேசாதவர், சாட்சி நேரம் நீண்டால் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறவர், இன்றைக்குப் பார்க்கவில்லை. அங்கியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். என்னை அனுப்பிவிட்டுக் கீர்த்தனை ஒன்றைப் பாடச் சொல்வார், அப்படித்தான் நடக்கும், பாட்டுச் சத்தத்தில் எல்லாம் கரைந்துவிடும், அக்கா அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். ஐயர் என்னைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் இன்னும் நின்றுகொண்டிருந்த ஞானசிங் அண்ணனைப் பார்த்தார்.

'இந்தப் பிள்ளை ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொன்ன. ஒரு பிள்ளை பேரச் சொல்லி ஜெபிக்கணும்னா அந்தப் பிள்ளை இருக்கணும்லா, அதைப் பெத்தவளும் இருக்கணும்லா. நீ சொல்லு ஞானசிங். அந்த அம்மா எங்க போனாவ?'

மைக் என் கையில்தான் இருந்தது. ஞானசிங் அண்ணன் அதை வாங்கவில்லை. முழங்காலில் ஆறிக்கொண்டிருக்கும் புண் உரசியதோ என்னவோ, குனிந்து பேன்ட்டை ஒரு தடவை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் ரயிலில் கேட்ட கேள்வி, மறித்து நின்று கேட்ட கேள்வி, இப்போது கேட்டது நானில்லை என்பதால் எனக்கு ஒரு கணம் பொறாமையாகக்கூட இருந்தது. அவர் நிமிர்ந்தபோது சாட்சி சொல்கிற குரல் அவரிடம் இல்லை. சாலையில் முழங்கால் போட்டபோது இருந்த குரல் அது.

'முன்சீட்டுக் கண்ணாடில தெரிஞ்சாவ. கூஜாவும் கையுமா நின்னாவ. அவிய எங்கயும் போவல, ஐயா. நாங்கதான் போயிட்டோம்.'